தாமதத்துக்கான காரணம்

மயூர் விஹார், டெல்லி
9.11.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அகல்யாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை கதிரவனும் குழந்தை சுபிக்ஷாவும் அந்த டப்ளின் மழையில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போதே வேண்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, வழக்கமான நவம்பர் புகை, வழக்கமான தொண்டைக் கரகரப்பு, அவ்வளவுதான். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இல்லை. வாராவாரம் வீடியோவில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் காகிதமும் ஸ்டாம்பும் என்று நீ நினைப்பாய். வீடியோவில் என் முகம் தெரியும், அதுதான் காரணம். இங்கிலீஷில் ஈமெயில் அனுப்பியிருக்கலாம், ஆனால் இங்கிலீஷ் என்றால் நான் உடனே டிராஃப்ட் போட ஆரம்பித்துவிடுவேன், முதல் பாராவில் பின்னணி, இரண்டாம் பாராவில் விவரம் என்று அடுக்கிக்கொண்டே போய்ச் சொல்ல வந்ததை அழகாக மறைத்துவிடுவேன். தமிழில் எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நீ எட்டாவது வரைக்கும் தமிழ் படித்திருக்கிறாய், எழுத்துக் கூட்டி மெதுவாகப் படி. புரியாத இடத்தில் மாப்பிள்ளையைக் கேட்காதே, அம்மாவுக்குப் போன் போட்டுக் கேள். மாப்பிள்ளைக்கு இதெல்லாம் தெரிவதில் எனக்கு இன்னும் கூச்சம் இருக்கிறது.

முதலில் வீட்டு விசேஷம். சொசைட்டியில் லிஃப்ட் மறுபடி ரிப்பேர், அம்மா மூன்று மாடி ஏறி இறங்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுகிறாள், லிஃப்டை நான்தான் கெடுத்தது போல. இந்த வருஷம் கொலு ஏழு படி வைத்தாள். நீ அனுப்பிய ஆட்டுக்குட்டி பொம்மையைக் கிருஷ்ணன் பக்கத்தில் வைத்து, அயர்லாந்து ஆடு என்று வந்தவர்களிடம் எல்லாம் காட்டினாள். அதெல்லாம் அக்டோபர் முதல் வாரம் வரைக்கும். அதற்கப்புறம் உன் அம்மா என்னோடு பேசுவது குறைந்துவிட்டது, சாப்பாடு வைத்தாயிற்று, பால்காரர் வந்தார், அவ்வளவுதான் பேச்சு. நாற்பது வருஷத்தில் மஹாலட்சுமி இப்படி இருந்து நான் பார்த்ததில்லை. அவள் பக்கம்தான் நியாயம் என்பதால் சண்டை போடவும் வழியில்லை.

நம் வீட்டில் வேலை செய்யும் பூங்கோதையை உனக்குத் தெரியும். போன தடவை நீ வந்தபோது சுபிக்ஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தாளே, அவள்தான். விழுப்புரம் பக்கம், பத்தாவது வரை படித்தவள், பதினோரு வருஷமாக நம் வீட்டுக்கு வருகிறாள். புருஷன் ஏகாம்பரம் டைல்ஸ் ஒட்டுகிற கொத்தனார். நாலாச் சாக்கடையின் ஓரத்தில் தமிழ்க்காரர்களாகவே ஒரு கேம்ப் இருக்கிறது, அதில் இவர்களுக்கு ஒரு ஜுக்கிக் குடிசை, இருபது வருஷத்துக்கு மேல் அங்கேதான் குடியிருக்கிறார்கள். இப்போது அந்தக் கேம்ப்பை டிசம்பரில் இடிக்கப் போகிறார்கள். இடிப்பதற்கு முன்னால் வீடு வீடாக சர்வே எடுத்து, லிஸ்ட்டில் பெயர் உள்ளவர்களுக்கு ஊரின் கோடியில் ஒரு ஃபிளாட் கொடுப்பதாக ஏற்பாடு. சர்வேக்காரர்கள் வந்த அன்றைக்கு இவள் நம் வீட்டில் இருந்தாள், அவன் குர்கானில் வேலையில் இருந்தான், கதவில் பூட்டு தொங்கியது, பெயர் விட்டுப்போனது. விட்டுப்போனவர்கள் ஆதாரங்களோடு மனு கொடுக்கலாம், கடைசித் தேதி அக்டோபர் பதினைந்து, மாலை நாலு மணி. இதுதான் விஷயம். மனு போய்ச் சேர்ந்தால் வீடு, சேராவிட்டால் தெரு.

செப்டம்பர் இருபத்திநாலாம் தேதி, கொலு வைத்த மூன்றாம் நாள், பூங்கோதை ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். மனுவை அவளே இங்கிலீஷில் எழுதியிருந்தாள், தன் பெண்ணின் ரூல் போட்ட நோட்டில் இருந்து கிழித்த தாள், இரண்டு பக்கமும் நிறைய. எங்கேயும் கோடு தாண்டாத கையெழுத்து. ஒரு தபா பாத்துக் குடுங்க சார், தப்பா இருந்தா சொல்லுங்க, நாளைக்கே போய்க் குடுத்துடறேன் என்றாள். நாளைக்கே என்றுதான் சொன்னாள், அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே இருந்திருக்காது.

உனக்கு உன் அப்பாவைத் தெரியும். அமைச்சகத்தில் முப்பத்தேழு வருஷம், அண்டர் செக்ரட்டரியாக ரிடையர் ஆனவன், என் மேஜைக்கு வந்த எந்தத் தாளும் சிவப்பு மை படாமல் திரும்பிப் போனதில்லை என்று ஒரு பெயர். செக்‌ஷனில் என்னை ரெட் இங்க் என்றே கூப்பிடுவார்கள், எனக்கு அது தெரியும், உள்ளுக்குள் சந்தோஷம்கூட. பூங்கோதையின் மனுவைக் கையில் வாங்கியதும் அந்தப் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். சட்டைப்பையில் பேனா இருந்தது. பதினாலு இடத்தில் சுழித்தேன். கடைசி வரியில், உங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன் என்று முடிக்க நினைத்து, லுக் ஃபார்வர்ட் டு ஹியர் என்று எழுதியிருந்தாள். ஹியர் வராது, ஹியரிங் வர வேண்டும். படித்தவர்களே, டைரக்டர் லெவலில் இருப்பவர்களே தப்பு விடுகிற இடம், இதைப் பிடித்துப் பிடித்துத்தான் நான் பெயர் வாங்கினேன். அதற்கு மட்டும் இரட்டை வட்டம் போட்டேன். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்திலும் வழக்கம் போல என் இனிஷியல், ஆர்.பி., கீழே தேதி. திருத்தி மறுபடி எழுதிக்கொண்டு வா என்று கொடுத்தேன். ஆபீஸில் ரீசப்மிட் என்று எழுதுவேன், இங்கே வாயால் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் நாலு வீட்டு வேலையை முடித்துவிட்டு, சமைத்துப் போட்டுவிட்டு, உட்கார்ந்து எழுதி இரண்டு நாளில் கொண்டுவந்தாள். தப்பு குறைந்திருந்தது, ஆனால் விஷயம் சரியான வரிசையில் இல்லை என்று எனக்குப் பட்டது. ரேஷன் கார்டு முதலில் வந்து, சர்வே நாள் கடைசியில் வந்தது. மறுபடி சுழித்தேன், மறுபடி இனிஷியல், மறுபடி தேதி. மூன்றாவது தடவை அவள் கொண்டுவந்ததையும் சுழித்துத் தேதி போட்டுவிட்டு, இது உன்னால் ஆகாது, நானே டைப் பண்ணித் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு. அப்புறம் சரஸ்வதி பூஜை, விஜயதசமி, வந்தவர் போனவர், பிரிண்டரில் மை இல்லை, மை வந்ததும் எனக்கு ஒரு வார்த்தையில் சந்தேகம், பழைய டிராஃப்ட்டுகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டேன். ஒரு பக்க மனு நாலு பக்கமாக வளர்ந்தது. நடுவில் அவள் மூன்று தடவை கேட்டாள், சார் அந்தப் பேப்பரு, என்று. அதற்கு மேல் கேட்க அவளுக்கு வாய் வராது, பதினோரு வருஷமாக என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள். அவசரப்படாதே, ஒரு மனுதான் போகும், அது பிசிறில்லாமல் போக வேண்டாமா என்று மூன்று தடவையும் ஒரே பதில் சொன்னேன். மூன்றாவது தடவை அம்மா சமையலறையில் இருந்து, மனு கொடுக்கப் போறாளா, இல்ல பரீட்சை எழுதப் போறாளா என்றாள். நான் சிரித்தேன்.

பதினைந்தாம் தேதி காலையில் நாலு பக்கமும் தயார். பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஆதாரங்களின் ஜெராக்ஸை வரிசைப்படுத்தி, பத்தரை மணிக்கு அவள் கையில் கொடுத்தேன். அவள் லீவு சொல்லிவிட்டு நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவள் செருப்பு மாட்டுகிற நேரத்தில், ஒரு நிமிஷம் கொடு, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று திரும்ப வாங்கினேன். பார்த்தால் நாலாம் பக்கத்தின் கடைசி வரியில், அவள் திருத்தி எழுதிய தாளைப் பார்த்து டைப் அடித்ததில், அதே ஹியர். அவளுடைய தப்பு இல்லை, நான் இரட்டை வட்டம் போட்ட தப்பை நானே என் விரலால் அடித்திருக்கிறேன். அவள் பரவாயில்ல சார், அப்படியே குடுத்துடறேன் என்று கையை நீட்டினாள். அந்தக் கைக்கு முன்னாலேயே நான் அந்தத் தாளைக் கிழித்தேன் அகல்யா. இது நான் எழுதினது என்று அங்கே தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்றுதான் எனக்கு ஓடியது. அங்கே யாருக்கு என்னைத் தெரியும்? யாருக்கும் தெரியாது. திருத்திப் பிரிண்ட் கொடுத்தால் பிரிண்டர் தாளை விழுங்கிக்கொண்டது, அதோடு ஒரு மணி வரை மல்லுக்கட்டினேன். கீழே மார்க்கெட்டில் ஜெராக்ஸ் கடை பையா சாப்பிடப் போயிருந்தான், ஜல்தி வரச் சொல்லு என்று பக்கத்துக் கடையில் கத்தினேன், அவன் இரண்டேகாலுக்கு வந்தான். பூங்கோதை மெட்ரோவில் இரண்டு இடத்தில் மாறி, ஸ்டேஷனில் இருந்து ஓடி, கவுன்ட்டருக்குப் போனபோது நாலு இருபது. ஜன்னலை மூடிவிட்டார்கள்.

சாயந்தரம் அவள் திரும்பி வந்து, மூடிட்டாங்க சார் என்று மட்டும் சொன்னாள். கவர் கசங்காமல் இருந்தது. அதே கேம்ப்பில் பவுனு என்று ஒரு அம்மாள், கைநாட்டு, யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைப் பிடித்து ஹிந்தியில் ஆறு வரி எழுதி வாங்கி அக்டோபர் முதல் தேதியே கொடுத்துவிட்டாளாம், அதில் சொந்தப் பெயரே தப்பாம். தீபாவளி முடிந்து பதினைந்தாம் நாள் சேர்ப்பு லிஸ்ட் ஒட்டினார்கள், பவுனுவின் பெயர் இருந்தது, தப்போடு இருந்தது. பூங்கோதையின் பெயர் இல்லை. அம்மா அன்றைக்கு என்னோடு பேசுவதை இன்னும் குறைத்துக்கொண்டாள்.

லிஸ்ட்டுக்கு அடியில் ஒரு குறிப்பு இருந்தது. காலதாமதமான மனுக்களை நவம்பர் பத்துக்குள் கொடுக்கலாம், ஆனால் தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் காட்ட வேண்டும், காரணம் திருப்தியாக இருந்தால் நேரில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எனக்கு உயிர் வந்தது. அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன், அரை மணியில் முடித்தேன், பார், இப்போது மட்டும் அரை மணி. மனுதாரர் கடும் காய்ச்சலில் படுத்திருந்ததால் உரிய நாளில் வர இயலவில்லை, என்று. இங்கிலீஷ் மணியாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி எத்தனை காரணங்களைப் படித்திருக்கிறேன், எழுதியும் கொடுத்திருக்கிறேன், யாரும் துருவ மாட்டார்கள் என்று நினைத்தேன்.

பூங்கோதை தரை துடைத்துக்கொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நின்றபடியே முழுதும் படித்தாள். அவள் படிப்பாள் என்றே நான் நினைக்கவில்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள் என்றுதான் நினைத்தேன். படித்துவிட்டு, எனக்கு எப்ப சார் காய்ச்சல் வந்துச்சு, மனு குடுக்கப் போன நாள் தவிர நான் ஒரு நாள்கூட லீவு போடலியே, டாக்டர் சீட்டு கேட்டா நான் எங்க போவேன், பொய்யின்னு தெரிஞ்சா இனிமே பேரைச் சேக்கவே மாட்டாங்க சார் என்றாள். அப்புறம் குரலை உயர்த்தாமல், பேப்பரு உங்ககிட்டதான சார் இருந்துச்சு, அதையே எழுதுங்களேன் என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். மூன்று வாரம் உனக்காக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டதற்கு இதுதானா என்று கத்திவிட்டேன். அவள் மிச்சத் தரையையும் துடைத்து, துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. பதினோரு வருஷத்தில் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. தப்பு செய்தவனுக்குத்தான் கோபம் முதலில் வரும் என்று என் அப்பா சொல்வார், அது என்னைப் பற்றியதுதான் என்று அறுபத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டேன்.

அந்த இரண்டாம் நாள் மத்தியானம் அம்மா பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். நீல இங்க்கில் உன் கையெழுத்து. 2007 ஆகஸ்ட், புனே ஹாஸ்டலில் இருந்து லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் விலாசத்துக்கு நீ எழுதியது. உனக்கு நினைவிருக்கும். வாரம் ஒரு கடிதம் இங்கிலீஷில் எழுத வேண்டும், அப்போதுதான் கை வரும் என்று நான்தானே விதி போட்டேன். நீ எழுதி அனுப்புவாய், நான் திருத்தி அதே கவரில் திருப்பி அனுப்புவேன். எத்தனை பேரிடம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா. இந்தக் கடிதத்தில் உன் கடைசி வரி, உங்களைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன் அப்பா, என்பது. அதில் ஸீயிங் வர வேண்டிய இடத்தில் ஸீ என்று இருந்தது. இரட்டை வட்டம். பக்கத்தில், இந்தத் தவறு முன்பே சுட்டிக்காட்டப்பட்டது. ஆர்.பி., தேதி.

மேலே நீ எழுதியிருந்ததை நான் இப்போதுதான் படித்தேன். அப்போதும் கண்ணால் பார்த்திருப்பேன், படித்திருக்க மாட்டேன். எனக்கு இங்கே பிடிக்கவில்லை அப்பா, நான் பேசுவதைக் கேட்டு ரூமில் சிரிக்கிறார்கள், சாயந்தரமானால் அழுகை வருகிறது, டெல்லியிலேயே ஏதாவது காலேஜில் சேர்ந்துகொள்கிறேன், நான் திரும்பி வந்துவிடட்டுமா, என்று கேட்டிருக்கிறாய். பதினெட்டு வயசுப் பெண். அந்தப் பாராவில் ஒரு கமாவைச் சேர்த்திருக்கிறேன். கேள்விக்குப் பதில் ஒரு எழுத்துகூட இல்லை. அதற்கப்புறம் நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, போனில் சரிப்பா, சரிப்பா என்று மட்டும் சொல்வாய், என் பெண் தானாகவே பழகிக்கொண்டுவிட்டாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தத் தீபாவளிக்கு நீ வந்தபோது டிரங்குப் பெட்டியில் துணிக்கு நடுவில் இது இருந்ததாம், அம்மா எடுத்து வைத்தாளாம். பதினெட்டு வருஷமாக ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். காட்டியிருந்தா இன்னொரு வட்டம் போட்டிருப்பீங்க என்றாள். நான் எழுந்துபோய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

சாயந்தரம் நானே கேம்ப்புக்குப் போனேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. நம் சொசைட்டி கேட்டில் இருந்து இருபது நிமிஷ நடைதான், இவ்வளவு பக்கம் என்பதே எனக்குத் தெரியாது. ஏகாம்பரம் உட்கார பிளாஸ்டிக் நாற்காலி போட்டான், நான் உட்காரவில்லை. பூங்கோதையிடம், தப்பு என்னுடையதுதான், உன்மேல் கத்தினது அதைவிடப் பெரிய தப்பு, நீ எழுதின முதல் பேப்பர் இருக்கிறதா என்று கேட்டேன். நான் கவரோடு திருப்பிக் கொடுத்ததையும் சேர்த்து மூன்றையும் வைத்திருந்தாள், ரேஷன் கார்டோடு, அரிசி டப்பாவுக்குள். எதுக்கு சார், அதான் பூரா தப்பாச்சே என்றாள். அந்த வார்த்தையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்.

அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. மனு கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே தயாராக இருந்தது என்பதற்கு வேறு எந்தச் சாட்சியும் கிடையாது, ஆனால் அந்தத் தாளில் பதினாலு இடத்தில் என் இனிஷியல் இருக்கிறது, ஒவ்வொன்றின் கீழும் 24.9 என்று தேதி இருக்கிறது. அடுத்த தாளில் 26.9. அதற்கடுத்ததில் 30.9. என் கிறுக்கே அவளுக்குச் சாட்சி. அதைக் கொடுத்தால் அவள் பிழைப்பாள், நான் கோப்பில் ஏறுவேன். ஆபீஸ்காரனுக்குக் கோப்பு என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது அகல்யா, வாயால் சொன்னது காற்றோடு போகும், கோப்பில் ஏறியது நாம் செத்த பிறகும் இருக்கும். அந்த நாலு பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவளுடைய ரூல் போட்ட தாளையே மனுவாக வைத்து, மேலே நான் கையாலேயே ஒரு பாரா எழுதினேன். மனுதாரர் 24.9.2025 அன்றே மனுவை எழுதி முடித்து, மறுநாள் கொடுக்கத் தயாராக இருந்தார். அதைத் திருத்துகிறேன் என்று வாங்கி, தேவையில்லாமல் மூன்று வாரம் தாமதித்தது நான். மனு எழுதப்பட்ட விதத்தில் புரியாதது எதுவும் இல்லை. தாமதம் முழுவதும் என்னுடையது, மனுதாரர்மேல் எந்தத் தவறும் இல்லை. கீழே என் முழுப்பெயர், வகித்த பதவி, விலாசம், போன் நம்பர்.

வெள்ளிக்கிழமை நானும் அவளும் போனோம். நல்ல கூட்டம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பையன், உன்னைவிடச் சின்னவன், தாள்களைப் புரட்டிவிட்டு, இந்தச் சிவப்பு எல்லாம் யார் போட்டது என்று ஹிந்தியில் சத்தமாகக் கேட்டான். லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான்தான் என்றேன். நீங்கள் யார், வாத்தியாரா என்றான். இல்லை, இவருடைய மனுவைத் தாமதப்படுத்தினவன் என்றேன். ஹிந்தியில் அதைச் சொல்ல எனக்கு இரண்டு வார்த்தை தடுமாறியது, பூங்கோதை பக்கத்தில் இருந்து எடுத்துக்கொடுத்தாள். அவன் என் பாராவைப் படித்தான், என்னைப் பார்த்தான், அச்சா என்றான், முத்திரை குத்தி டயரி நம்பர் போட்டுக் கொடுத்தான். இந்த மாதம் பதினெட்டாம் தேதி விசாரணை. நானும் நேரில் வந்து இதையே சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறது. வீடு கிடைக்குமா என்பது எனக்குத் தெரியாது, பூங்கோதைக்கும் தெரியாது. திரும்பும்போது மெட்ரோவில் அவளுக்கு இடம் கிடைத்தது, எழுந்து எனக்குக் கொடுத்தாள், நான் வாங்கிக்கொள்ளவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். நேற்று வேலைக்கு வந்துவிட்டாள். அம்மா அவளுக்கும் எனக்கும் ஒரே டிகாக்‌ஷனில் காப்பி போட்டாள், எனக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் ஆறிப்போய்த்தான் வருகிறது.

பதினெட்டாம் தேதி அங்கே நாலைந்து ஆபீஸர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் முன்னால் நின்று பேச வேண்டும் என்று நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது. ஆனால் அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. அவர்களுக்கு நான் யாரோ. உனக்கு எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது, வெள்ளிக்கிழமை ஆரம்பித்து இன்றைக்கு மத்தியானம் முடிக்கிறேன். நாலு தாள் கிழித்தேன், இந்தத் தடவை தப்புக்காக இல்லை, பயத்துக்காக. நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். வந்துவிடு கண்ணு. உடனே புறப்பட்டு வா, அப்பா ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், காலேஜ் எங்கே வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். இதுதான் நான் அன்றைக்கு எழுதியிருக்க வேண்டியது. இப்போது உனக்கு வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, இந்தப் பதில் எதற்கும் உதவாது, தெரியும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன் என்று நீ சிரித்தால்கூட எனக்குச் சம்மதம். கேள்வி மட்டும் பதிலில்லாமல் நிற்க வேண்டாம் என்று தோன்றியது.

குழந்தையிடம் இங்கிலீஷ் தப்புக்குக் கோபித்துக்கொள்ளாதே, அவள் சொல்ல வந்ததை முதலில் கேள். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், நிம்மதியாகத் தூங்கி எழுந்து, நூறு வருஷம் இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. பதினெட்டாம் தேதி சாயந்தரம் அம்மாவுக்கு ஒரு போன் போடு, பூங்கோதை விஷயம் என்ன ஆனது என்று அவள் சொல்வாள். உனக்குத் தோன்றினால் எனக்கும் ஒரு வரி எழுது. தமிழிலோ இங்கிலீஷிலோ, எப்படி வருகிறதோ அப்படி. சிவப்புப் பேனாவை வெள்ளிக்கிழமையே பூங்கோதையின் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன், படம் வரைவதற்கு.

ஆபீஸில் தாமதமாகப் போகும் பதிலுக்குக் கீழே காரணம் எழுதாமல் அனுப்பக் கூடாது என்பது விதி. அதனால் எழுதுகிறேன். உன் 2007 ஆகஸ்ட் கடிதத்துக்குப் பதில், பதினெட்டு வருஷம் மூன்று மாதம் தாமதம். தாமதம் முழுவதும் என்னுடையது, உன்மேல் எந்தத் தவறும் இல்லை.

உன் அப்பா
ஆர்.பி.
9.11.2025